தெரியாத கோல்ஃப் மைதானத்தில் முதல் ஆட்டம்: கொடைக்கானலுக்குப் போகுமுன் எப்படித் திட்டமிடுவது?

லாசுப்பேட்டைவாசி (புதுச்சேரி):

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நண்பர்கள் சிலருடன் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பில் 18 ஹோல் (குழி) ஆட்டம் ஒன்றில் கலந்துகொள்ளவிருக்கிறேன். 1895ஆம் ஆண்டு தொடங்கிய அந்த மைதானத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, இதுவரை அதைக் கண்ணால் பார்த்ததில்லை. புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பழகுவது எளிதன்று என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும். சென்னைக்குச் செல்லும்போதெல்லாம் நந்தனம் மைதானத்தில் ஆடித்தான் நான் பழகியிருக்கிறேன். அங்கே டீயில் (ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடியை அடிக்கும் இடம்) நின்றவுடன் எந்த மரத்தைக் குறிவைப்பது, எந்தப் பக்கம் பந்து போனால் தப்பிக்கலாம் என்பதெல்லாம் யோசிக்காமலேயே வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் கொடைக்கானலில் கைகொடுக்காது என்பதுதான் என் கவலை.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாகக் காரில் சென்று மாலையில்தான் சேர்வோம் என்பதால், முன்கூட்டியே ஒரு சுற்று ஆடிப் பார்க்க வாய்ப்பில்லை. என் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; கூடக் கூடத் திறன் குறைவு) 21. மிக நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பான (மட்டையான) டிரைவரால் 200 யார்டும், நடுத்தரத் தூரத்துக்கான 7ஆம் எண் ஐயனால் 135 யார்டும் அடிப்பேன். வலக்கை ஆட்டக்காரன், பந்து வலப்பக்கம் வளைவதே என் இயல்பு. ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆட்டம் நடக்கிறது. இங்கிருந்தே என்னென்ன தயாரித்துக்கொண்டு போகலாம், மைதானத்தில் இறங்கிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும், கடல்மட்டத்தில் ஆடிப் பழகியவன் மலையில் எந்த அளவுக்குக் கிளப்பை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மஞ்சக்குப்பத்தார் (கடலூர்):

வணக்கம் ஐயா. தெரியாத மைதானம் என்றதும் பலரும் அந்த மைதானத்தின் வரைபடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் அதை இரண்டாவதாகவே வைப்பேன். உங்கள் பந்து எங்கே விழுகிறது என்பதை நீங்கள் சரியாக அறிந்திருக்காவிட்டால், எவ்வளவு துல்லியமான வரைபடம் கையில் இருந்தாலும் அதனால் பயனில்லை. டிரைவரால் 200 யார்டு அடிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நன்றாகப் பட்ட பந்தின் தூரமா, வழக்கமாக விழும் பந்தின் தூரமா என்பதைப் பொறுத்து மற்ற எல்லாக் கணக்கும் மாறிவிடும். அடுத்த முறை பயிற்சித் திடலுக்குப் போகும்போது டிரைவர், ஒரு ஹைபிரிட் (டிரைவரைவிடச் சற்றுக் குறைந்த தூரம் அடிக்கும் கிளப்), 7ஆம் எண் ஐயன் ஆகிய மூன்றினாலும் 20 பந்துகள் வீதம் அடித்துப் பாருங்கள். மிக நல்ல பந்துகள் இரண்டையும் மிக மோசமானவை இரண்டையும் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய 16 பந்துகளும் விழுந்த பரப்பின் நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு ஹேண்டிகேப் உள்ளவர்களுக்கு டிரைவர் பந்துகள் 60 யார்டுக்கும் அதிகமான அகலத்தில் சிதறுவது வெகு சாதாரணம். ஃபேர்வேக்களோ (டீக்கும் குழிக்கும் இடையே புல் வெட்டிய பாதை) பெரும்பாலும் 30 முதல் 40 யார்டு அகலமே இருக்கும். ஆகவே ஃபேர்வேயின் நடுக்கோட்டைப் பார்த்து அடிப்பது என்பது உங்களைப் பொறுத்தவரை ஒரு திட்டமே ஆகாது. தேவனாம்பட்டினத்தில் வீச்சுவலை எறிபவர் ஒரு மீனைக் குறிவைப்பதில்லை. விரிகின்ற வட்டம் முழுவதும் எங்கே போய் விழும் என்று பார்த்துத்தான் எறிகிறார். உங்கள் 60 யார்டு அகலத்தையும் அப்படித்தான் ஒவ்வொரு ஹோலின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பரப்பை அறிந்த பிறகு வரைபடத்துக்கு வாருங்கள். கணினியில் கூகுள் எர்த் மென்பொருளைத் திறந்தால் அதில் தூரம் அளக்கும் கருவி இருக்கிறது. நீங்கள் ஆடப்போகும் டீயிலிருந்து, எந்த நிறக் குறியீட்டிலிருந்து ஆடுவீர்கள் என்பதை அழைத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஹோலிலும் ஆபத்து எத்தனை யார்டில் தொடங்குகிறது, எத்தனையில் முடிகிறது என்று அளந்து ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பந்து விழக்கூடிய 170 முதல் 210 யார்டு வரையிலான பகுதியில் மரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை அளப்பது, ஹோலின் மொத்த நீளத்தை அளப்பதைவிட முக்கியம். அதே மென்பொருளில் ஒரு கோட்டின் வழியே நிலம் ஏறி இறங்குவதைக் காட்டும் வசதியும் உண்டு. மலை மைதானத்துக்கு அதை அவசியம் பயன்படுத்துங்கள். படம் சில ஆண்டுகளுக்கு முன் எடுத்ததாக இருக்கலாம் என்பதால் தனி மரம் ஒன்றை நம்பிக் குறிவைக்க வேண்டாம்.

இப்படி அளந்து எழுதிக்கொள்வது இன்று எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றினாலும், 1961ஆம் ஆண்டு அமெரிக்க அமெச்சூர் போட்டியின்போது பெபிள் பீச் மைதானத்தில் சக ஆட்டக்காரர் டீன் பீமன் சொன்ன பிறகுதான், பின்னாளில் பெரும் சாம்பியனான ஜேக் நிக்லஸே தூரங்களை அடியெடுத்து அளந்து குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அந்தப் போட்டியில் அவர் வென்றார். அந்தப் பழக்கமும் அவருடன் நிலைத்துவிட்டது.

அடுத்ததாக, ஒவ்வொரு ஹோலையும் கிரீனிலிருந்து (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பின்னோக்கி யோசியுங்கள். கொடி இருக்கும் இடத்தை விடுங்கள்; கிரீனைத் தவறவிட்டால் எந்தப் பக்கம் தவறவிடலாம் என்பதுதான் முதல் கேள்வி. அது வலப்பக்கம் என்றால், அதற்கு வசதியாக இரண்டாவது அடியை எங்கிருந்து அடிக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. டீயில் எந்தக் கிளப் என்பது அதற்குப் பிறகுதான் வர வேண்டும். ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் அதுவரை ஆடியிராத அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன், அங்கே நடந்த 1953ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்காக முன்கூட்டியே வந்து, அங்கே அப்போது வழங்கிய சிறிய பந்துக்கும் இறுகிய தரைக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டார். மாலை வேளைகளில் அவர் கிரீனிலிருந்து டீயை நோக்கிப் பின்னோக்கி நடந்து பார்த்ததாகவும் சொல்வார்கள். அவர் தம் வாழ்நாளில் ஆடிய ஒரே ஓப்பன் அதுதான். அதில் வெற்றியும் பெற்றார். நீங்கள் முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்வதால், கிளப்பில் அனுமதி கேட்டு, இருட்டுவதற்குள் கடைசி இரண்டு மூன்று ஹோல்களையாவது அப்படிப் பின்னோக்கி நடந்து பாருங்கள். ஃபேர்வேயில் நின்று பார்க்கும்போது மறைந்திருக்கும் சரிவுகள் கிரீனிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது நன்றாகத் தெரியும்.

கிரீனை நோக்கி அடிக்கும்போது கொடியை மறந்துவிட்டு எப்போதும் நடுப்பகுதிக்கே கிளப் எடுங்கள். நம்மைப் போன்ற அமெச்சூர்கள் கிரீனைத் தாண்டி அடிப்பதைவிடக் குறைவாக அடித்து முன்னாலேயே விட்டுவிடுவதே மிக அதிகம். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ டூரில் ஆடுபவர்களே 8 அடித் தூரத்திலிருந்து குழியை நோக்கி உருட்டும் அடிகளில் (புட்) ஏறத்தாழப் பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், மூலையில் இருக்கும் கொடியைத் துரத்துவதில் நமக்கு என்ன லாபம் என்பது விளங்கும்.

பையைச் சுமந்து வரும் உதவியாளரான கேடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் கேடியிடம் எந்தக் கிளப் எடுக்கலாம் என்று கேட்கிறார்கள். முதல் சில ஹோல்களில் அவருக்கு உங்கள் அடியின் தூரம் தெரியாது. ஆனால் அந்த மைதானம் உள்ளங்கைபோலத் தெரியும். ஆகையால் இடத்தைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கிரீனில் எந்தப் பக்கம் போனால் மீள்வது கடினம், பந்து விழுந்த பிறகு எந்தத் திசையில் உருளும், கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பது என்ன என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் தரும் விடைகள், எந்த வரைபடத்திலும் கிடைக்காதவை.

அரியாங்குப்பம் ஆசிரியை (புதுச்சேரி):

வணக்கம். நான் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள்; கோடைதோறும் உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது மலையில் ஆடும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. கிளப்பை எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்துவிடுகிறது. குளிர் காற்றைச் சற்று அடர்த்தியாக்குவதால் அதில் ஒரு பகுதி ஈடுசெய்யப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புதுச்சேரியின் பகல் காற்றைவிட அங்குள்ள காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்தால் பந்தைத் தடுக்கும் விசையும் குறையும். 7,000 அடி உயரத்துக்குப் பந்து 7 முதல் 8 விழுக்காடு கூடுதலாகப் போகும் என்பது கோல்ஃபில் வழங்கும் பொதுவான கணக்கு. ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் நீண்ட அடியில் சுமார் 2 யார்டு குறையும் என்பதும் பொதுவான கணக்குதான். 32 டிகிரியில் ஆடிப் பழகிய நீங்கள் 15 டிகிரியில் ஆடினால் ஏறத்தாழ 6 யார்டு அதில் கழிந்துவிடும். ஆக, 200 யார்டு போகும் உங்கள் டிரைவர் பந்து காற்றில் 10 யார்டு அளவில் கூடலாம். 7ஆம் எண் ஐயனில் அது 5 அல்லது 6 யார்டாக இருக்கும். சமதளத்தில் அரைக் கிளப் (அடுத்தடுத்த கிளப்புகளின் தூர வேறுபாட்டில் பாதி) குறைத்தால் போதும், ஒரு முழுக் கிளப் குறைக்கத் தேவையில்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. பந்து மேலெழுவதற்கும் பக்கவாட்டில் வளைவதற்கும் காரணம், அது சுழல்வதால் காற்றில் உண்டாகும் விசை. காற்று மெலிந்தால் அந்த விசையும் குறைகிறது. எனவே உங்கள் பந்து வலப்பக்கம் வளைவது அங்கே சற்றுக் குறையும். பறக்கும் பாதை தாழ்வாக இருக்கும். கிரீனில் விழும் கோணமும் சாய்வாக இருக்கும். வளைவதை எண்ணி வழக்கம்போல மிகவும் இடப்பக்கம் குறிவைத்தால், பந்து இடப்பக்கத்திலேயே தங்கிவிட வாய்ப்புண்டு. கடலோரத்து ஈரக் காற்று கனமானது, அதில் பந்து போகாது என்று நம் பக்கத்தில் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் நீராவி கலந்த காற்று அதே வெப்பநிலையிலுள்ள உலர்ந்த காற்றைவிட இலேசானது. அதனால் மூடுபனியைக் கண்டவுடன் கிளப்பைக் கூட்ட வேண்டாம்; நனைந்த தரையில் பந்து உருளாது என்பதற்காக மட்டும் கூட்டுங்கள்.

மேடு பள்ளத்துக்கான கணக்கு எளிது. இலக்கு 3 அடி உயர்ந்திருந்தால் 1 யார்டு கூட்ட வேண்டும், 3 அடி தாழ்ந்திருந்தால் 1 யார்டு குறைக்க வேண்டும். 30 அடி மேட்டில் இருக்கும் கிரீனுக்கு 10 யார்டு கூட வேண்டும் என்பதால், உயரமான ஊரால் கிடைக்கும் நன்மை முழுவதும் அந்த ஒரு மேட்டிலேயே தீர்ந்துவிடும். மலை மைதானத்தில் இந்தக் கணக்கே மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயன்படும். நிற்கும் இடமும் சரிவாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதங்களைவிட மேலே இருந்தால் இடப்பக்கமும், கீழே இருந்தால் வலப்பக்கமும் போகும். கிளப் முகப்பின் சாய்கோணம் அதிகமாக இருக்க இருக்க இந்த விலகலும் அதிகமாகும். நந்தனத்தில் சமதளத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

லாசுப்பேட்டைவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா அவர்களின் கணக்கை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. 60 யார்டு அகலத்தில் சிதறும் டிரைவரை எடுத்துக்கொண்டு தெரியாத மைதானத்துக்குப் போவதைவிட, அதைப் பையிலேயே வைத்துவிட்டு எல்லா ஹோல்களிலும் ஹைபிரிட்டால் 170 யார்டு அடித்துப் பாதுகாப்பாக ஆடுவது நல்லதல்லவா? உடன் வரும் நண்பர்களில் சிலர் அதைத்தான் சொல்கிறார்கள்.

திருப்பாதிரிப்புலியூரான் (கடலூர்):

இந்த அறிவுரையை நான் அடிக்கடி கேட்கிறேன். இதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பாதுகாப்பு என்ற பெயரில் பலர் தங்கள் ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொள்கிறார்கள்.

பந்து விலகுவது அடிப்படையில் கோணத்தைப் பொறுத்தது. நீங்கள் 10 டிகிரி விலக்கி அடித்தால் 200 யார்டில் பந்து நடுக்கோட்டிலிருந்து 35 யார்டு தள்ளிப் போகும். அதே 10 டிகிரி விலகலுடன் ஹைபிரிட்டால் 170 யார்டு அடித்தால் 30 யார்டு தள்ளிப் போகும். ஆக, நீங்கள் மிச்சப்படுத்துவது பக்கவாட்டில் 5 யார்டு. இழப்பது முன்னோக்கி 30 யார்டு. சாய்கோணம் கூடிய கிளப்பில் பந்து சற்றுக் குறைவாக வளையும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நிலையில் உள்ளவர்கள் பலருக்குத் தரையிலிருந்து நீண்ட கிளப்பை அடிப்பதைவிட டீயின் மேல் வைத்த பந்தை டிரைவரால் அடிப்பதே எளிது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 30 யார்டு பின்னால் நின்றால் இரண்டாவது அடிக்கு அந்த நீண்ட கிளப்பைத்தான் தரையிலிருந்து அடிக்க நேரும். பிஜிஏ டூரில் 2011 முதல் பயன்படும் ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் (ஓர் அடி சராசரியைவிட எவ்வளவு லாபம் தந்தது என்ற அளவு) கணக்கீட்டையும் அதை ஒட்டி வந்த ஆய்வுகளையும் படித்தவர்களுக்கு, ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி நீண்ட அடிகளிலிருந்தே வருகிறது, புட்டிங்கிலிருந்து அன்று என்பது தெரிந்திருக்கும்.

ஆகவே டிரைவரைப் பையில் வைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும். அளந்து வைத்த நோட்டில் 180 முதல் 220 யார்டுக்குள் நீரோ, எல்லைக்கோடோ, பந்தைத் தேடவே முடியாத புதரோ இருந்து, 170 யார்டில் அது இல்லை என்றால் ஹைபிரிட் எடுங்கள். இரண்டு தூரத்திலும் ஆபத்து ஒரே அளவில் இருந்தால் டிரைவரையே எடுத்து, சிதறும் பரப்பின் மையத்தை ஆபத்து இல்லாத பக்கமாக நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஸ்டேபிள்ஃபோர்டு என்று எழுதியிருக்கிறீர்கள்; இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. திட்டம் முழுவதும் அதைப் பொறுத்தே அமைய வேண்டும். உங்கள் இன்டெக்ஸ் 21. ஆடும் டீயின் ஸ்லோப் ரேட்டிங் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்ற அளவு; அதன் திட்ட அளவு 113) 118 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 21ஐ 118ஆல் பெருக்கி 113ஆல் வகுக்க 21.9 வரும், கோர்ஸ் ரேட்டிங்குக்கும் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய அடிகள்) பாருக்கும் (வகுத்து வைத்த அடிகள்) உள்ள வேறுபாட்டையும் அதனுடன் சேர்க்க வேண்டும். அது சுழி என்றே கொள்வோம். தனிநபர் ஸ்டேபிள்ஃபோர்டில் 95 விழுக்காடு எடுப்பது உலக ஹேண்டிகேப் முறையின் பரிந்துரை. ஆகவே 21 அடிகள் சலுகையாகக் கிடைக்கும்; அவற்றை உங்கள் எண்ணிக்கையிலிருந்து கழிப்பார்கள். எல்லா ஹோல்களிலும் ஓர் அடி, ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை) 1, 2, 3 என்று குறித்த ஹோல்களில் இரண்டு அடிகள். அப்படியானால் பார் 4 ஹோலில் 5 அடித்தாலே, ஓர் அடி கழிந்து பாருக்குச் சமமாகி, உங்களுக்கு 2 புள்ளிகள். கடினமான அந்த மூன்று ஹோல்களில் 6 அடித்தாலும் 2 புள்ளிகள். ஒரு ஹோல் எவ்வளவு கெட்டுப்போனாலும் சுழிக்குக் கீழே போகாது. பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போகலாம். 36 புள்ளிகள் எடுத்தால் உங்கள் ஹேண்டிகேப்புக்கு ஏற்ப ஆடிவிட்டீர்கள் என்று பொருள். மொத்த அடிகளை எண்ணும் போட்டியில் ஒரு ஹோலில் எடுத்த 9 அடிகள் முழு ஆட்டத்தையும் கெடுக்கும். இங்கே அது ஒரு ஹோலோடு முடிந்துவிடும். அதனால்தான் இந்த முறையில் டிரைவரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்கிறேன்.

மஞ்சக்குப்பத்தார்:

நண்பர் சொன்ன கோணக் கணக்கை ஏற்கிறேன். நானும் டிரைவரை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அடிகள் கிடைக்கும் அந்த மூன்று ஹோல்களில் என் கருத்து வேறு. 400 யார்டு நீளமுள்ள பார் 4 ஒன்றை எடுத்துக்கொள்வோம். 135 யார்டு போகும் 7ஆம் எண் ஐயனால் மூன்று முறை அடித்தால் 405 யார்டு. அதன் பிறகு இரண்டு புட்டில் முடித்தால் 5. இரண்டு அடிகளைக் கழித்தால் 3, பாரைவிட ஓர் அடி குறைவு. அதற்கு 3 புள்ளிகள். மூன்றில் ஓர் அடி சரியாகப் படாவிட்டாலும் 6 அடித்து 2 புள்ளிகள் எடுத்துவிடலாம். மைதானத்தின் மிகக் கடினமான ஹோலில் அதைவிட என்ன வேண்டும்? மேடு இருந்தால் கணக்கு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

1999ஆம் ஆண்டு அதே கார்னூஸ்டியில், ஓப்பன் போட்டியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். பிரான்சு நாட்டின் ஷான் வான் டி வெல்ட் கடைசி ஹோலுக்கு வரும்போது மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். பார் 4 ஹோலில் 6 அடித்தாலே பட்டம் அவருக்கு. டீயில் டிரைவர் எடுத்தார், அடுத்து நேராகக் கிரீனையே நோக்கி அடித்தார், பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி உயர்ந்த புல்லுக்குள் விழுந்தது, அங்கிருந்து அடித்தது ஓடையில் போய் விழுந்தது. 7 அடித்து முடித்து, பின்னர் சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். அவரிடம் திறமைக் குறைவு இல்லை. அந்த ஹோலில் தமக்கு எத்தனை அடிகள் தேவை என்பதைத் திட்டத்தின் தொடக்கமாக அவர் வைத்துக்கொள்ளவில்லை என்றே நான் கருதுகிறேன்.

தூரம் குறைவாக அடிப்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக், போட்டியாளர்களில் மிகக் குறைவான தூரம் அடிப்பவர்களுள் ஒருவராக இருந்தும், நான்காம் இடம் பெற்றார். பதக்கம் ஓர் அடியில் கைநழுவியது. கிரீனைச் சுற்றியும் கிரீனிலும் அவர் ஆடிய ஆட்டமே அவரை அந்த இடத்துக்குக் கொண்டு சென்றது.

வில்லியனூரான் (புதுச்சேரி):

விதிகளைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமைகள் மேய்வது வழக்கம். பந்து அவற்றுக்கு அருகில் போய் நின்றால் அஞ்சிக்கொண்டு ஆட வேண்டியதில்லை. ஆபத்தான விலங்குகளைப் பற்றிய 16.2ஆம் விதியின்படி, குழிக்கு நெருங்காமல், பாதுகாப்பாக ஆடக்கூடிய அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் அபராதமின்றிப் பந்தைப் போட்டு ஆடலாம். நின்ற பந்தை விலங்கு தள்ளிவிட்டால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், அபராதம் இல்லை. சாணம் தளர்வான தடைப்பொருளாகவே கருதப்படுவதால் அதை அகற்றலாம். ஆனால் கிரீனுக்கு வெளியே அதை அகற்றும்போது பந்து நகர்ந்துவிட்டால் ஓர் அடி அபராதம். குளம்புத் தடங்களைக் கிரீனில் சரிசெய்துகொள்ளலாம். ஃபேர்வேயில் பந்து அந்தத் தடத்துக்குள் கிடந்தால் இலவச நிவாரணம் கிடையாது, கிடந்தபடியே ஆட வேண்டும்.

பந்தைத் தேட 3 நிமிடங்கள்தான் அனுமதி. தெரியாத மைதானத்தில், அதுவும் மூடுபனியில், பந்து எங்கே விழுந்தது என்ற ஐயம் சிறிது இருந்தாலும் புரொவிஷனல் (தற்காலிக) பந்து ஒன்றை அறிவித்து அடித்துவிடுங்கள். தூரம் அளக்கும் கருவியைப் போட்டியில் பயன்படுத்தலாம். ஆனால் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியை அணைத்துவிட வேண்டும். ஆசிரியை அம்மா சொன்ன 3 அடிக்கு 1 யார்டு கணக்கை மனத்தில் வைத்திருப்பது அதனாலும் நல்லது.

லாசுப்பேட்டைவாசி:

எல்லோருடைய கருத்துகளையும் படித்து, நான் இப்போது வகுத்துக்கொண்ட திட்டம் இதுதான். முதல் ஹோலில் எந்த ஆபத்து இருந்தாலும் கிரீனின் நடுவை மட்டுமே குறிவைப்பேன். ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் 1, 2, 3 ஆகிய ஹோல்களில் மூன்று அடிகளில் கிரீனை அடைவதாகக் கணக்கிட்டு ஆடுவேன். மற்ற ஹோல்களில் 180 முதல் 220 யார்டுக்குள் தனி ஆபத்து இல்லையென்றால் டிரைவர். சமதளத்தில் அரைக் கிளப் குறைப்பேன். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தனியாகக் கணக்கிடுவேன். ஒன்றை மட்டும் யாராவது தெளிவுபடுத்த வேண்டும். காலையில் ஆட்டம் தொடங்குமுன் கிடைக்கும் நேரம் 40 நிமிடங்கள்தான். அதை எதற்குச் செலவிடுவது?

அரியாங்குப்பம் ஆசிரியை:

அதில் பாதிக்கும் மேல் பயிற்சிக் கிரீனில் செலவிடுங்கள். முதலில் 30 அல்லது 40 அடித் தூரத்திலிருந்து, குழியைப் பாராமல் வேகத்தை மட்டும் பழகும் வகையில், மேட்டை நோக்கியும் பள்ளத்தை நோக்கியும் மாறி மாறி உருட்டிப் பாருங்கள். மலைச்சரிவில் அமைந்த கிரீன்களில் மேடு எது, பள்ளம் எது என்பதில் கண் எளிதில் ஏமாறும். சுற்றியுள்ள மலை எந்தப் பக்கம் உயர்கிறது என்று பார்த்துவிட்டுப் பந்து அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறகு பனியில் நனைந்த புல்லிலிருந்து குறுகிய தூரத்துக்கான வெட்ஜ் கிளப்பால் சில பந்துகள் அடித்து, அவை கிரீனில் விழுந்தபின் எவ்வளவு தூரம் ஓடுகின்றன என்று பாருங்கள். கடைசிப் பத்து நிமிடங்களில் உடலைச் சூடேற்றிக்கொண்டு, அன்று முதல் ஹோலில் எடுக்கப்போகும் கிளப்பால் சில பந்துகள் அடித்தால் போதும். அந்த உயரத்தில் மேடேறும்போது மூச்சு வாங்கும் என்பதால் ஒவ்வோர் அடிக்கும் முன் சற்று நின்று மூச்சு சீரான பிறகு ஆடுங்கள். கையுறை இரண்டாவது ஒன்றும், கிளப்பின் கைப்பிடியைத் துடைக்க உலர்ந்த துண்டு ஒன்றும் பையில் இருக்கட்டும்.